என் தங்கை விற்ற எஞ்சின்

என் தங்கை புருஷன் லெஸ்டர் ஜூபனுக்குக் கல்யாண நாள் ஞாபகம் இருக்காது. தன் மகள் பிறந்த மாதத்தையே இரண்டு தடவை மாற்றிச் சொன்னவன். ஆனால் அவனுடைய ஷெவெல் காரின் ஆல்டர்னேட்டர் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். நான் எழுப்பிக் கேட்டிருக்கிறேன். சொன்னான்.

அந்தக் கார் எழுபதாம் வருஷம் வந்தது. சிவப்பு, முன்மூடியில் இரண்டு கறுப்புப் பட்டை, வயிற்றுக்குள் ஒரு ராட்சச எட்டு சிலிண்டர் எஞ்சின். புதிதில் அது எங்கள் ஊர் பார்பர்டனின் கடைத்தெருவில் போனால், கோழி வறுக்கிற கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் தட்டிலிருந்து சோறு குதிக்கும். நான் சொல்லுவது தொண்ணூற்றைந்தாம் வருஷத்துக் கதை. அப்போது அது கராஜில் எஞ்சின் இல்லாமல் நின்றது. உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எஞ்சின் எங்கே? அதைத்தான் லெஸ்டர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "என் பொண்டாட்டி வித்துட்டா."

நாங்கள் செர்பியர்கள். வருஷம் ஒரு தடவை எங்கள் வீட்டில் குலசாமி விருந்து நடக்கும். பாதிரியார் வருவார், மெழுகுவத்தி ஏற்றுவார், ரொட்டியை வெட்டுவார், பன்றி வறுவல் வரும், பிளம் சாராயம் வரும். மூன்றாவது கோப்பைக்கு லெஸ்டர் வாயைத் திறப்பான். அவன் ஸ்லோவேனியன், எங்கள் குலசாமிக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் பூசை முடிந்த கையோடு கச்சேரி அவனுடையதுதான்.

"ஃபாதர், கேளுங்க. எண்பத்தொண்ணுல டயர் ஃபேக்டரிய மூடுறான். நான் வேலை தேடி நாயா அலையிறேன். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாக்குறேன், கராஜ்ல எஞ்சின காணோம்! எவனோ ஒருத்தன் பேப்பர்ல வெளம்பரம் பாத்து வந்தானாம், தூக்கிட்டுப் போனானாம். பேரு கேட்டியாடின்னா, கேக்கலையாம்! முத்து மாதிரி எஞ்சின். ஃபேக்டரிக்காரன் கை பட்டதுக்கப்புறம் வேற கை படாத எஞ்சின்!"

எல்லோரும் சிரிப்பார்கள். பாதிரியாரும் சிரிப்பார். என் தங்கை ஓல்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். குழாய்த் தண்ணீர் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

ஒரு நாள் அவளிடமே கேட்டேன். "என்னதான் நடந்துச்சு, ஓல்கா?"

"வித்தேன்."

"அவன் சொல்றமாதிரியா?"

"அவரு சொல்றமாதிரி இல்ல. சொன்னா யாரு நம்பப்போறா? எஞ்சின் இருந்தாத்தான பேச முடியும்? எஞ்சின்தான் இல்லையே."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் அம்மாவின் பிடிவாதம் அப்படியே இவளுக்கு வந்திருக்கிறது.

தொழிற்சாலை போன பிறகு லெஸ்டருக்குப் பள்ளிப் பேருந்து பணிமனையில் வேலை கிடைத்தது. கையில் நாலு காசு வந்ததும் காரை மறுபடி உயிர்ப்பிக்கக் கிளம்பினான். சும்மா ஒரு எஞ்சினை வாங்கிப் போட்டால் ஓடிவிடும், ஆனால் பழைய கார்ப் பைத்தியங்களின் கூட்டத்தில் அது பெருமையில்லை. காரோடு பிறந்த எஞ்சின் வேண்டும். ஒவ்வொரு உதிரி பாகத்திலும் வார்ப்பு எண் இருக்கும், வார்த்த தேதி இருக்கும். கார் பிப்ரவரியில் பிறந்ததென்றால் கார்ப்பரேட்டர் ஜனவரியில் பிறந்திருக்க வேண்டும். மார்ச்சில் பிறந்திருந்தால் அது சக்களத்தி பிள்ளை. இந்தச் சோதனையில் தேறிய பாகங்களாகத் தேடித் தேடிச் சேர்த்தான். கென்டக்கியிலிருந்து ஒரு மூடி வந்தது. இண்டியானாவில் ஒரு கோழிப்பண்ணைக்காரன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த காற்றாடியைக் கெஞ்சி வாங்கிவந்தான். ஓல்காவின் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஈஸ்டர் முழுக்க டிஸ்ட்ரிபியூட்டர்தான் உட்கார்ந்திருந்தது. நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

எல்லாம் சேர்ந்துவிட்டது, பிளாக் மட்டும்தான் பாக்கி. பிளாக் என்றால் எஞ்சினின் உடம்பு, மற்றதெல்லாம் அதன்மேல் மாட்டுகிற நகை. அந்த பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் மூடிக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு மேடை இருக்கும். அதில்தான் காரின் எண்ணை அடித்திருப்பார்கள். அந்த எண்ணும் காரின் எண்ணும் ஒன்றாக இருந்தால் மனிதன் சொர்க்கத்துக்குப் போய்விடலாம் என்பது இவர்கள் மதம்.

அந்த எண்ணைத் தேடித்தான் லெஸ்டர் வருஷா வருஷம் பழைய பாகச் சந்தைக்குப் போவான். என்னையும் இழுத்துக்கொண்டு போவான், ஏனென்றால் டிரெய்லர் என்னுடையது. நான் குழாய் வேலைக்காரன். வீடுகளுக்கு வெந்நீரும் சூடும் போகிற குழாய்களைப் பொருத்திப் பிழைக்கிறவன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

சந்தையில் தேடுகிறவர்கள் முதுகில் அட்டை மாட்டிக்கொண்டு திரிவது வழக்கம். தனக்கு என்ன வேண்டுமென்று அதில் எழுதியிருக்கும். லெஸ்டரின் அட்டையில் காரின் எண், எஞ்சினின் எண், அதன் கீழே பெரிய எழுத்தில், "மனைவி விற்றுவிட்டாள்." போகிறவன் வருகிறவனெல்லாம் அவன் தோளைத் தட்டி அனுதாபம் சொல்லுவான். ஒருத்தன் பீர் வாங்கிக் கொடுத்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குக்கூட இவ்வளவு ஆறுதல் கிடைக்காது.

இத்தனைக்கும் ஓல்கா ஒவ்வொரு தடவையும் அவனுக்கு சாண்ட்விச் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். "நல்லா தேடு. கெடச்சா நானும் பாக்கணும்" என்பாள். பாவம், குற்ற உணர்ச்சி என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் அவளும் வருகிறேன் என்று டிரக்கில் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? ஒரே சேறா கெடக்கும்" என்றான் லெஸ்டர்.

"பூட்ஸ் போட்டிருக்கேன்."

முந்தின நாள் மழை. சந்தைத் திடல் களிமண் பிசைந்ததுபோல் கிடந்தது. நீள நீளமாகத் தார்ப்பாய்கள், அதன்மேல் துருப்பிடித்த இரும்பு, ஒவ்வொரு குவியலுக்குப் பின்னாலும் மடக்கு நாற்காலியில் ஒரு தொப்பைக்காரன். ஓல்கா மிளகாய் போட்ட சாசேஜ் ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு ஒரு வரிசையில் நடந்தாள். நானும் லெஸ்டரும் இன்னொன்றில்.

ஹார்லன் டிப்ஸ் என்று ஒரு கிழவன். ஒரு காலத்தில் மண் பாதையில் கார்ப் பந்தயம் ஓட்டியவன், முன்பல் இரண்டு இல்லை. அவனுடைய டிரெய்லருக்குப் பின்னால், பிய்ந்த டயர்களுக்கு நடுவில் ஒரு பிளாக் தலைகுப்புறக் கிடந்தது. லெஸ்டர் சும்மாதான் எட்டிப் பார்த்தான். பின்பக்கத்து வார்ப்பு எண்ணை விரலால் தடவினான். தடவினவன் அப்படியே நின்றான்.

"மச்சான், டார்ச் குடு."

முதுகு அட்டையைக் கழற்றிச் சேற்றில் போட்டு அதன்மேல் படுத்தான். வயர் பிரஷால் தேய்த்தான். வார்ப்பு எண் சரி. தேதி ஜனவரி, எழுபது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் மூக்கு நுனியில் வேர்வை.

"புரட்டு மச்சான், புரட்டு! முன்பக்கம் பாக்கணும்."

நானும் ஹார்லனும் கடப்பாரை போட்டுப் புரட்டினோம். என் இடுப்பு இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டும். லெஸ்டர் அந்த மேடையைத் துடைத்தான். எண்ணெய் தடவித் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

மேடை மொழுக்கென்று இருந்தது. ஒரு எழுத்து கிடையாது.

"சீவிட்டாங்களா?" என்றான்.

"ஆமா, எனக்கு முன்னாடி வச்சிருந்தவன் பந்தயத்துக்காக மேல்முகத்த சீவியிருக்கான். அந்த மேடையும் அதே மட்டத்துலதான இருக்கு? சேந்து போயிருச்சு" என்றான் ஹார்லன். "அப்ப எவன் நம்பர பாத்தான்? வேகமா ஓடுதான்னுதான் பாத்தோம்."

செய்தி பரவுவதற்கு நேரமாகவில்லை. அந்தத் திடலில் ஒருத்தன் சேற்றில் படுத்தால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். ஆர்வில் நாஜ் வந்தான். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டுக்கொண்டு, எல்லாருடைய எண்ணையும் படித்துத் தீர்ப்புச் சொல்லுகிறவன். குனிந்து பார்த்தான், லெஸ்டர் காதில் கிசுகிசுத்தான். கிசுகிசுப்பு அடுத்த வரிசை வரை கேட்டது.

"என்கிட்ட அந்தக் காலத்து எண் அச்சு இருக்கு. உன் நம்பரயே அடிச்சுத் தரேன். கடவுளே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது."

லெஸ்டரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். "போடா திருட்டு நாயே" என்றான். "பொய் நம்பர் அடிச்ச கார நான் ஓட்டமாட்டேன். இது என்னுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். வேற எதாவது அடையாளம் இருக்கும்."

தேட ஆரம்பித்தான். பக்கவாட்டைத் தேய்த்தான், அடியைத் தேய்த்தான், முன்முகத்துக்கு வந்தான். தண்ணீர் பம்ப்பை மாட்டுகிற போல்ட் ஓட்டைகள் அங்கே இருக்கின்றன. அப்பிக் கிடந்த கிரீசைச் சுரண்டி எடுத்தான். ஒன்று பார்த்தான். இரண்டு பார்த்தான். மூன்றாவதில் கை நின்றது.

மற்ற ஓட்டையெல்லாம் நேராக இருக்க, அது மட்டும் குடிகாரன்போலச் சாய்ந்திருந்தது. யாரோ அதைச் சுற்றிக் கன்னாபின்னாவென்று குடைந்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அதில் பித்தளை அடைத்து, புதிதாக மரை வெட்டி, ஒப்பேற்றியிருக்கிறான்.

லெஸ்டர் சடாரென்று டார்ச்சை அணைத்தான். எழுந்தான். முட்டியில் இருந்த சேற்றைத் தட்டினான்.

"என்னுது இல்ல. வா மச்சான், போலாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டேய், இப்பதான நம்பர் சரி, தேதி சரின்னு சொன்ன?"

"இல்லங்கறேன்ல! எவனோ முட்டாப்பய கையில மாட்டின பிளாக் இது. என் எஞ்சின்ல ஃபேக்டரி கை தவிர வேற கை பட்டதில்ல."

"முட்டாப்பயதான்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

ஓல்கா. சாசேஜ் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள், காகிதத்தில் கையைத் துடைத்தாள், அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பிளாக் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சாய்ந்த ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டாள்.

"இதேதான்" என்றாள். "அண்ணே, இங்க வந்து பாரு. எண்பதுல, கோடைல, தண்ணி பம்ப் ஒழுகுதுன்னு இவரு கழட்டினாரு. போல்ட் உள்ளயே முறிஞ்சுபோச்சு. மெக்கானிக்கிட்ட குடுத்துரலாம்னு சொன்னேன். உனக்கு என்னடி தெரியும்னாரு. டிரில்ல எடுத்து நோண்டி, கோணல்மாணலா ஓட்டையப் போட்டு, தண்ணி போற அறை வரைக்கும் கிழிச்சு விட்டாரு. அப்புறம் எஞ்சின வெளிய தூக்கி, பிரிச்சு மூலைல போட்டு, தார்ப்பாய மூடி, அடுத்த வாரம் சரிபண்றேன்னாரு. அடுத்த வாரம் வரவே இல்ல."

"ஏய், ஓல்கா..." என்றான் லெஸ்டர்.

"இதத்தான் முத்து மாதிரி எஞ்சின்னு ஊரெல்லாம் சொன்னாரு. இரும்புக் குப்பைய நான் வித்தேன்."

கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். லெஸ்டர் முகம் அவன் காரின் நிறத்துக்கு வந்தது. பொய்யைச் சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பியிருந்தான் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. இல்லையென்றால் இந்த பிளாக்கை ஏன் தேடப்போகிறான்? தன் தலைக்குத் தானே வாரண்ட் எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் அலைந்திருக்கிறான் மடையன்.

"ஆதாரம் என்ன?" என்றான் ஆர்வில். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும்.

"ஆதாரம் நான்தான். டார்ச் புடிச்சது நான்."

இதைக் கேட்டதும் லெஸ்டருக்குப் பொறுக்கவில்லை. வாய் அவனை முந்திக்கொண்டது.

"ஆமா, பெருசா புடிச்சே! நீ லைட்ட ஆட்டாம ஒழுங்கா புடிச்சிருந்தா ஓட்டை நேரா போயிருக்கும்டி!"

திடலே வெடித்துச் சிரித்தது. ஹார்லன் பொக்கை வாயைத் திறந்து, டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்ப பிளாக் உன்னுதுதான்யா! வாழ்த்துக்கள்!" நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. தானாகப் போய்க் கிணற்றில் விழுந்தவனைப் பார்த்து வேறு என்ன செய்வது?

ஓல்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஆமா, லைட் ஆடுச்சு" என்றாள். சத்தம் போடவில்லை. "கை நடுங்குச்சு, அதனால ஆடுச்சு. நீ அன்னிக்கு என்னை என்னென்ன பேர் சொல்லித் திட்டினேன்னு இவங்க முன்னாடி சொல்லட்டுமா? பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல சாத்தினா. லைட்ட புடிச்சுக்கிட்டே அழுதேன் நான். நீ ஓட்டையத்தான் பாத்துட்டு இருந்த."

சிரிப்பு நின்றது. அங்கே நின்ற அத்தனை ஆம்பளைகளுக்கும் ஒரு கராஜ் இருந்தது, ஒரு டார்ச் இருந்தது, அதைப் பிடிக்க ஒருத்தியும் இருந்தாள். எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். ஆர்வில் பூதக்கண்ணாடியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"இப்ப கேட்டுக்க" என்றாள் ஓல்கா. "வேணும்னா இத வாங்கு. வாங்கினா, நம்பர் எங்கன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் இந்த ஓட்டையக் காட்டு. எப்படி வந்துச்சுன்னும் சொல்லு. வேண்டாம்னா இங்கயே விட்டுட்டு வா. ஆனா இனிமே நான் வித்துட்டேன்னு எவன்கிட்டயும் சொல்லக் கூடாது. ரெண்டுல ஒண்ணு."

அவள் எதற்காக ஒவ்வொரு வருஷமும் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவனைவிட அவளுக்குத்தான் இந்த இரும்பு தேவைப்பட்டிருக்கிறது. அவனுக்காவது அது பெருமை. இவளுக்கு மானம்.

லெஸ்டர் பிளாக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தொப்பியை எடுத்தான், தலையைச் சொறிந்தான், மறுபடி போட்டான். நான் என் கையை முஷ்டியாக வைத்துக்கொண்டு தயாராக நின்றேன், மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது. இப்போது ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் அந்தச் சேற்றிலேயே புதைத்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

அந்த இறுக்கத்தை உடைக்கத்தானோ என்னவோ, ஹார்லன் ஓல்காவிடம் கேட்டான். "அதுசரி, நீ எதுக்கும்மா அத வித்த? மூலைல கெடந்துட்டுப் போவுதுன்னு விட்டிருக்கலாமே?"

ஓல்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். எத்தனை ஆத்திரம் வந்தாலும் அதை மட்டும் வெளியில் சொல்லமாட்டாள் போலிருக்கிறது.

லெஸ்டர்தான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வீட்ல குளிரு" என்றான். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, பில்லு கட்டலன்னு, ஹீட்டருக்கு வர்ற காஸ கம்பெனிக்காரன் கட் பண்ணிட்டான். பாப்பாவுக்கு அப்ப நாலு வயசு. கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்கிச்சு. நான் வேலை தேடி அலையல, சோபாவுல சுருண்டு கெடந்தேன். எந்திரிச்சு ஒண்ணும் பண்ணல. இவதான் வித்தா. அன்னிக்கு ராத்திரி வீடு சூடாச்சு."



எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு தெரு தள்ளிக் குடியிருந்தேன். ஊரில் பாதி வீட்டுக்குச் சூடு போகிற குழாய் நான் பொருத்தியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோளில் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். புருஷனை அண்ணன் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதென்று குளிரில் கிடந்திருக்கிறாள். அதன் பிறகு அவன் ஊர் முழுக்கச் சிரிக்க வைத்தபோதும் தட்டுக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது, அவளையும் அடிக்கத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்க் காகிதத்தால் கண்ணைத் துடைத்துத் தொலைத்தேன், இன்னும் எரிந்தது.

ஹார்லன் பிளாக்கைக் காட்டினான். "எடுத்துட்டுப் போங்க" என்றான். "விலைய அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசலாம்" என்றான் லெஸ்டர். "என் எஞ்சின்தான். அந்த ஓட்டையும் நான் போட்டதுதான்."

கூட்டத்தில் நாலு பேர் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். பிளாக்கை டிரெய்லரில் ஏற்றினோம். சங்கிலி போட்டுக் கட்டும்போது அடியில் கொக்கி சிக்கிக்கொண்டது, உள்ளே இருட்டாக இருந்தது. ஓல்கா டார்ச்சை எடுத்தாள். லெஸ்டர் அதை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"நான் புடிக்கிறேன்" என்றான். "நீ மாட்டு."

ஓல்கா டிரெய்லருக்கு அடியில் குனிந்தாள். கொக்கி இரண்டு தடவை நழுவியது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றாள்.

அவன் இடது பக்கம் காட்டினான்.